நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது? ஒரு கல்குவாரியில் சரிந்த கிழக்கு முகம்: நிகழ்வு ஆய்வு

இது தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில், ஜல்லிக்காகக் கருங்கல் உடைக்கும் தனியார் பட்டா நிலக் குவாரியில் நடந்தது. சில ஆண்டுகள் ஆகிவிட்டன. 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டமும் 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளும்தான் அப்போது அங்கே நடைமுறை. நான் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தருபவன். நிகழ்வு முடிந்த பிறகு உரிமையாளரே கூப்பிட்டு, என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார். பதிவேடுகளைப் படித்து, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசி எழுதியது இது. பெயர்களையும் இடத்தையும் விட்டிருக்கிறேன்.

யாருக்கும் காயம் இல்லை. அதனால்தான் இதை எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். உயிர் போனால் விசாரணை வரும், அறிக்கை வரும், அக்கம்பக்கத்துக் குவாரிகளும் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும். யாருக்கும் அடிபடாத சரிவை நான்கு லோடு மண்ணோடு அள்ளிப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பின்னணி

குவாரியில் ஓட்டுநர்கள், கிரஷர் ஆட்களையும் சேர்த்து நாற்பது பேர் அளவில் வேலை செய்தார்கள். ஆள் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் சுரங்கச் சட்டம் நமக்கு இல்லை என்று பல குவாரிக்காரர்கள் நம்பினார்கள். அது தவறு. கட்டடக் கல், சாலைக் கல் எடுக்கும் திறந்தவெளிக் குவாரிக்குச் அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அப்போது விலக்கு தந்தது, சரி. ஆனால் குழியின் ஆழம் எங்குமே 6 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெடிமருந்து பயன்படுத்தவே கூடாது. மூன்றும் ஒருசேரப் பொருந்தினால்தான் விலக்கு. இந்தக் குவாரியின் ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர். வாரத்துக்கு இரண்டு முறை வெடி. ஆகவே சான்றிதழ் பெற்ற மேலாளர், அவருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் போர்மேன், ஆட்களை நேரடியாகக் கண்காணிக்கும் மேட், வெடி வைக்கும் பிளாஸ்டர் எல்லோரும் இருந்தாக வேண்டிய இடம் இது.

குழியின் கிழக்குப் பக்கத்தில் வெட்டி நிற்கும் பாறைச் சுவர், அதாவது கிழக்கு முகம்தான் பிரச்சினைக்குரியது. கெட்டியான பாறையில் ஒரு பெஞ்சின் (படிபோல வெட்டி விடும் தட்டின்) உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. இங்கே மேலிருந்து 14 மீட்டர் அளவுக்கு ஒரே சுவராக நின்றது. காரணத்தை உரிமையாளர் மறைக்கவில்லை. எல்லைக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் விட்டாக வேண்டும், அதுவரை ஏற்கனவே வெட்டியாகிவிட்டது. இனிப் பெஞ்ச் விட வேண்டுமென்றால் அடியிலுள்ள நல்ல கல்லைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

முகத்தின் உச்சியில், விளிம்பை ஒட்டி, பழைய மேல்மண்ணும் கழிவுக்கல்லும் மேடாகக் கிடந்தன. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ தளர்ந்த கல்லோ குப்பையோ இருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. மேட்டின் மேல் கருவேலம் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எத்தனை நாளாக அங்கே யாரும் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பொறுப்பில் இருந்த மூவர்

மேலாளர் இரண்டாம் வகுப்பு மேலாளர் சான்றிதழ் வைத்திருந்தார். திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு மட்டும் செல்லும் வகை. பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விஷயம் தெரிந்தவர். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை வந்து பதிவேடுகளில் கையெழுத்திட்டுப் போவார். மேலாளர் ஒவ்வொரு நாளும் நேரடியாக மேற்பார்வையிட வேண்டும் என்றும், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கத்தில் பொறுப்பு வகிக்கக் கூடாது என்றும் விதிகள் சொல்கின்றன. இவர் பெயர் வேறு குவாரிகளிலும் இருந்தது. சான்றிதழுக்குத்தான் மாதச் சம்பளம், ஆளுக்கு இல்லை.

போர்மேன் இருபத்தாறு வயது இளைஞர். சுரங்கவியலில் டிப்ளமோ முடித்து, போர்மேன் சான்றிதழ் வாங்கி, சிமெண்ட் ஆலை ஒன்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு இங்கே சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விதிகள் அவருக்கு அத்துப்படி. நாட்குறிப்பை ஒழுங்காக எழுதுவார்.

மூன்றாவது ஆள் மேஸ்திரி. ஐம்பதைத் தொடும் வயது, இதே கல்லில் இருபது ஆண்டுக்கு மேல். பத்தாம் வகுப்பு தேறியவர். எந்தச் சான்றிதழும் இல்லை. காலையில் யார் எங்கே துளை போடுவது, எந்த ஹிட்டாச்சி (கல் அள்ளும் இயந்திரம்) எந்த முகத்துக்குப் போவது என்று முடிவு செய்வது அவர்தான். ஆட்கள் பெரும்பாலும் அவர் ஊர்ப்பக்கம், அவர் கூட்டி வந்தவர்கள்.

மொத்தத்தில், சட்டப்படி பொறுப்புள்ளவர் இடத்தில் இல்லை, சான்றிதழ் உள்ளவருக்கு ஆட்களிடம் பிடி இல்லை, ஆட்கள் கேட்கும் மனிதருக்குச் சான்றிதழ் இல்லை. நான் பார்த்த சிறு குவாரிகளில் இந்த அமைப்பு விதிவிலக்கு அல்ல.

கவனித்தவை

ஐப்பசி மழை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாமல் பெய்தது. அதற்கு முந்தைய வாரமே போர்மேன் தன் நாட்குறிப்பில் "கிழக்கு முகம்: தளர் கல் அகற்ற வேண்டும்" என்று எழுதியிருந்தார். அந்த வரிக்குக் கீழே மேலாளர் கையெழுத்து இல்லை, நடவடிக்கையும் இல்லை.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் முன் பார்வையிடப் போன போர்மேன், அன்று முதல்முறையாக மேலே ஏறினார். மழைக்குப் பின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்று படித்தது நினைவுக்கு வந்ததாம். கருவேலத்தை விலக்கிப் பார்த்தபோது, விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியது. விரல் நுழையும் அகலம். தெரிந்த வரைக்கும் 12 மீட்டர் நீளம். ஒரு முனை கழிவு மேட்டுக்கு அடியில் போய் மறைந்தது.

அதே நேரத்தில் மேஸ்திரி கீழே வேறு சிலவற்றைக் கவனித்திருந்தார். முகத்தின் நடுப்பகுதிக்குக் கீழே, இதற்கு முன் காய்ந்தே இருந்த ஒரு இணைப்புக் கோட்டில் தண்ணீர் கசிந்தது. கடப்பாரையால் தட்டிப் பார்த்ததில் ஒரு பகுதி கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று கேட்டது. அவ்வப்போது சிறு சில்லும் பொடியும் உதிர்ந்தன.

இருவரும் கண்டதைச் சேர்த்தால் படம் முழுமையாகிறது. அந்த முகத்தில் பாறையின் அடுக்குகள் குழியை நோக்கிச் சாய்ந்திருந்தன. மேலே வெடிப்பு, அதற்குள் இரண்டு நாள் மழைநீர், தலைமேல் நனைந்து கனத்த மேடு, கீழே நீர் வெளியேறும் வழுக்குத் தளம். வெடிப்பில் நிற்கும் நீர் பாறையைப் பின்னாலிருந்து வெளியே தள்ளும். சாய்தளத்தில் இறங்கிய நீர் பிடிமானத்தைக் குறைக்கும். வாரம் இரண்டு வெடி கொடுத்த அதிர்வு வேறு. ஆனால் அன்று காலை ஏழு மணிக்கு ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. குவாரிக்காரர்கள் பொதுவாக முகத்தைக் கீழே நின்றுதான் பார்க்கிறார்கள். சரிவோ மேலேதான் முதலில் தன்னைக் காட்டுகிறது.

எடுத்த முடிவுகள்

போர்மேன் இறங்கி வந்து முதலில் சொன்னது, ஹிட்டாச்சியை அடியில் நிறுத்தித் தளர் பகுதியை இடித்து இறக்கிவிடலாம் என்பது. அவர் முன்பு இருந்த சுரங்கத்தில் அடுக்குகள் கிடையாகக் கிடந்தன, பெஞ்சுகள் தாழ்வு. அங்கே அது வழக்கமான வேலை. மேஸ்திரி ஒரே அடியாக மறுத்தார். "தம்பி, இந்தக் கல்லு நம்மைப் பார்த்துச் சாஞ்சிருக்கு. காலைத் தட்டினா தலையோட வரும்." அவர் சொன்னது சரி. அடியைக் குடைந்து மேலே தொங்கல் விடுவதை விதியும் தடுக்கிறது. அந்த யோசனை நடந்திருந்தால் ஹிட்டாச்சி ஓட்டுநர் நேராகச் சரிவின் கீழே உட்கார்ந்திருப்பார்.

ஆனால் மேஸ்திரியின் சொந்த யோசனையும் ஆபத்தானதே. டிப்பர்கள் வரிசையில் நின்றன. வெடித்துப் போட்ட கல் முகத்தின் அடியிலேயே கிடந்தது. இன்றைக்கு உள்ள லோடை மட்டும் அள்ளிவிட்டு மதியத்துக்கு மேல் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றார். இருபது ஆண்டில் இதுபோல எத்தனையோ முறை ஒதுங்கித் தப்பியிருக்கிறார். அந்த அனுபவம் அவருக்குப் பாறையைப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. அதோடு, கடைசி நேரத்தில் தப்பிக்கலாம் என்ற தைரியத்தையும் கொடுத்திருந்தது.

போர்மேன் மேலாளருக்குப் போன் செய்தார். "நான் வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் பார்த்துச் செய்யுங்க" என்று பதில். நிறுத்து என்றும் இல்லை, நடத்து என்றும் இல்லை. உரிமையாளர் வெளியூரில், போன் எடுக்கவில்லை.

அங்கேதான் போர்மேன் ஒரு முடிவுக்கு வந்தார். ஆபத்து இருப்பதாகக் கண்டால் ஆட்களை விலக்கி இடத்தை அடைப்பது தன் கடமை, அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்று படித்தது அவர் மனதில் தெளிவாக இருந்தது. விசில் ஊதினார். துளை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள், அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

அவர் சத்தம் போட்டிருக்கலாம், விதி எண்ணைச் சொல்லி மிரட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "அண்ணே, ஒருதரம் மேலே வந்து பாருங்க, அப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்" என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார். வெடிப்பின் குழிப் பக்கத்தில் கால் வைக்காமல், உள்பக்கமாகச் சுற்றிக் கூட்டிப் போனார். மேஸ்திரி கையிலிருந்த துரட்டிக் கம்பை வெடிப்பில் இறக்கினார். கை அளவு போயிற்று, அதற்கு மேலும் போயிற்று, கம்பின் பிடி வரைக்கும் எங்கும் முட்டவில்லை. கம்பை உருவினார், நுனி நனைந்திருந்தது. "ஆளை எல்லாம் ஏத்திடலாம் தம்பி" என்றார். கீழே இறங்கி அவர் ஒரு குரல் கொடுத்ததும் சில நிமிடங்களில் கிழக்குப் பக்கம் காலியாயிற்று.

அன்று முடிவானவை இவை. கிழக்கு முகத்தின் அடியிலும் அதை ஒட்டிய டிப்பர் பாதையிலும் யாரும் போகக் கூடாது என்று கயிறும் தகரமும் கட்டி அடைத்தார்கள். கழிவு மேட்டை அப்போதே அகற்ற வேண்டாம், இயந்திரத்தின் எடையை அந்த விளிம்பில் ஏற்றக் கூடாது என்று இருவருமே சொன்னார்கள். வெடிப்பின் இரு பக்கமும் இரும்பு முளை அடித்து இடைவெளியை டேப்பால் அளந்தார்கள். குறுக்கே சிமெண்ட் பூசி வைத்தார்கள். பாறை நகர்ந்தால் அந்தப் பூச்சு முதலில் விரியும். கிழக்கில் மட்டுமல்ல, குவாரி முழுவதிலும் வெடியை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் போர்மேன் நேரத்தோடு பதிவேட்டில் எழுதினார், மேஸ்திரியையும் கையெழுத்திட வைத்தார்.

ஒன்று விடுபட்டது. இரவுக் காவலரின் தகரக் கொட்டகை கம்ப்ரஸர் பக்கத்தில், அதே முகத்தின் அடியில் இருந்தது. பகலில் அங்கே யாரும் இல்லாததால் போர்மேன் கண்ணில் படவில்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்பிய மேஸ்திரிக்கு அது உறைத்தது. திரும்பி வந்து, கட்டிலையும் அடுப்பையும் மறுபக்கம் மாற்றிவிட்டுப் போனார்.

தொடர்ந்தவை

அன்று மாலையே சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல். இரவும் மழை. செவ்வாய்க்கிழமை காலை முளைகளுக்கு இடையே 9 மில்லிமீட்டர் கூடியிருந்தது. உரிமையாளர் வந்தார், கோபமாக இருந்தார். கிரஷருக்குக் கல் இல்லை, ஒப்பந்தக்காரர்கள் போன் மேல் போன். போர்மேன் அவரிடம் விதியைப் பேசவில்லை, அளவை எழுதிய தாளைக் காட்டினார். மேற்கு முகத்தில் ஏற்கனவே வெடித்துக் கிடந்த கல்லை அள்ளிக்கொள்ள ஏற்பாடு செய்து தந்தார். உரிமையாளர் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை விடியும் முன் கிழக்கு முகம் இறங்கியது. கிடந்த குவியலை வைத்துக் கணக்கிட்டதில் சுமார் 120 கன மீட்டர், அதாவது 300 டன்னுக்கு மேல். திங்கள் காலை துளை போட்ட இடமும் டிப்பர் பாதையில் பாதியும் கல்லுக்கு அடியில். காவலரின் தகரக் கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை.

சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்துக்கு, அதாவது எல்லோரும் சொல்லும் டி.ஜி.எம்.எஸ்.ஸுக்கு, தகவல் போயிற்று. அதிகாரி வந்து பார்த்தார். பெஞ்ச் அமைக்கும் வரை கிழக்கில் வேலை கூடாது, விளிம்பிலுள்ள மேட்டை அப்புறப்படுத்த வேண்டும், மேலாளர் நாள்தோறும் இடத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. பழைய மேலாளர் விலகிக்கொண்டார். குடும்பத்தோடு பக்கத்து ஊரில் தங்க ஒப்புக்கொண்ட ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தார். சம்பளம் முன்னதைவிடப் பல மடங்கு. பெஞ்ச் வெட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. விட்டுக்கொடுக்க மனம் வராத நல்ல கல் கணிசமாகப் போயிற்று.

மேஸ்திரியின் சான்றிதழ்

புதிய மேலாளர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மேஸ்திரியை மேட் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது. மேஸ்திரிக்கு விருப்பமில்லை. இத்தனை வருஷம் பார்த்ததை ஒரு தாள் வந்துதான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது. திங்கள் காலை அவர் தனியாக இருந்திருந்தால் மதியம் வரை லோடு ஏற்றியிருப்பார். உரிமையாளர் ஒரு சத்தம் போட்டிருந்தால் மாலை வரைகூட ஏற்றியிருப்பார். மறுக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

விண்ணப்பத்தில் பெரிய முட்டுக்கட்டை அனுபவச் சான்று. இருபது ஆண்டு அதே குழியில் நின்றவர், ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் குவாரியின் பணியாளர் பதிவேட்டில் அவர் பெயர் கடைசி நான்கு ஆண்டுகள் மட்டுமே இருந்தது. நல்லவேளையாக அது போதுமானதாக இருந்தது. பெயரே ஏறாத ஆட்கள் அந்தக் குவாரியிலேயே இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களின் அனுபவம் சட்டத்தின் கண்ணில் சூனியம்.

முதலுதவிச் சான்றிதழுக்கு வகுப்புக்குப் போனார், மருத்துவத் தகுதிச் சான்று வாங்கினார். தேர்வுக்குப் போர்மேன்தான் ஆசிரியர். மாலையில் கிரஷர் அலுவலகத்தில் உட்கார்ந்து விதிகளைத் தமிழில் சொல்லிக்கொடுப்பார். முகத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் மேஸ்திரி தயங்கவில்லை. தடுமாறியது அளவுகளிலும் பதிவேடுகளிலும். 1.8 மீட்டருக்கு மேல் உயரத்தில், விழக்கூடிய இடத்தில் உறுதியான கால்பிடி இல்லாமல் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும் என்பதைப் படித்தபோது, கயிற்றைக்கூடக் கட்டாமல் தான் தொங்கிய முகங்களைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். முதல் முறை தேறவில்லை. அடுத்த முறை தேறினார்.

பாடம் இரு பக்கமும் நடந்தது. அதே மாலைகளில் மேஸ்திரி போர்மேனைக் குழிக்குள் கூட்டிப் போய், கடப்பாரையால் தட்டிக் காட்டி, ஒலியில் உள்ள வித்தியாசத்தைக் கேட்க வைத்தார். திறந்தவெளிச் சான்றிதழ் கிடை அடுக்குச் சுண்ணாம்புக்கல்லுக்கும் சாய்ந்த கருங்கல்லுக்கும் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தைச் சான்றிதழ் சொல்லித் தராது, அந்தந்த இடம்தான் சொல்லித் தரும். வேறு வகைப் பாறையிலிருந்து வரும் போர்மேனுக்கோ மேலாளருக்கோ முதல் சில வாரம் தனிப் பொறுப்பு கொடுக்காமல், உள்ளூர்க் கல் தெரிந்தவரோடு ஒவ்வொரு முகத்தையும் நடந்து பார்க்க வைப்பது நல்லது என்று அறிக்கையில் எழுதினேன். இதற்குச் செலவே இல்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் இப்போது கிரஷர் அலுவலகச் சுவரில் இருக்கிறது. ஆபத்து என்று கருதினால் போர்மேனோ மேட்டோ யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம், அதற்காக அவர் சம்பளத்திலோ ஆட்களின் கூலியிலோ பிடித்தம் இருக்காது, மீண்டும் தொடங்க மேலாளரின் எழுத்து வேண்டும் என்று அதில் உள்ளது. விதியில் ஏற்கனவே இருப்பதை ஏன் மறுபடி எழுத வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். விசில் ஊதியபோது ஆட்கள் ஏன் அசையவில்லை என்பதுதான் காரணம். கூலி போகுமா போகாதா என்பது அவர்களுக்குத் தெரியாது. மேஸ்திரி சொன்னால் கூலியை அவர் பார்த்துக்கொள்வார் என்று தெரியும்.

மழைக்காலத்தில் நாள்தோறும், மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முகத்தின் உச்சியையும் போர்மேனும் மேட்டும் சேர்ந்து பார்க்கிறார்கள். அதற்காகவே விளிம்பைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் "சரியாக உள்ளது" என்று எழுத இப்போது அனுமதி இல்லை. என்ன பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். ஒரு குறை எழுதப்பட்டால், அன்று மாலைக்குள் அதன் கீழே மேலாளர் பதில் எழுத வேண்டும். இடத்தை அடைக்கும்போது இரவில் யார் எங்கே இருப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தோம்.

தீராமல் நிற்பது அனுபவச் சான்று. ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களின் பெயரையும் சேர்ந்த நாளிலேயே பதிவேட்டில் ஏற்றுவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார், அது நடக்கிறது. ஆனால் கடந்துபோன ஆண்டுகளுக்கு வழி கிடைக்கவில்லை. துளை போடுபவர்களில் இருவர் மேட் தேர்வு எழுத முன்வந்திருக்கிறார்கள். இருவரும் அங்கே பத்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள். பதிவேட்டின்படி அவர்கள் சேர்ந்தது சரிவுக்கு அடுத்த மாதம். தேவையான அனுபவம் கணக்கில் சேரும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை மாலை வகுப்பில் மேஸ்திரிதான் அவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்.